கோச் மாறினார்... புள்ளி மாறவில்லை!

2015 டிசம்பர் முதல் வாரம். அடையாறு கரை மீறி கோட்டூர்புரத்துக்குள் புகுந்த இரவில், அங்கே தரைத்தளத்தில் குடியிருந்த என் அக்கா குடும்பம் இரண்டு பைகளோடு தி.நகரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. ஸ்கூல் பை, செருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவன், ரங்கநாதன் தெருவில் வாங்கிய நீல ஜெர்ஸியை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். முதுகில் ‘மெண்டோசா’ என்று எழுதியிருக்கும்.

ஊர் தண்ணீரில் கிடந்ததால், சென்னையின் எஃப்.சி. இங்கே ஆட வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்து அரையிறுதி புனேவுக்குப் போனது. டிசம்பர் 12 அன்று அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் தப்பித்தார்கள். டிசம்பர் 20, கோவாவின் ஃபட்டோர்டா மைதானத்தில் இறுதிப் போட்டி. 87-வது நிமிடத்தில் எஃப்.சி. கோவா 2-1 என்று முன்னிலை பெற்றபோது அக்கா டி.வி.யை அணைக்கச் சொன்னாள். 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டுப் பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. இஞ்சுரி டைமில் மெண்டோசா அடித்தார். 3-2. கோட்டூர்புரத்து வீட்டுச் சுவரில் இன்னும் ஈரம் காயவில்லை. எங்கள் கூடத்தில் ஏழு வயதுப் பையன் சோபா மேல் நின்று கத்திக்கொண்டிருந்தான்.

அந்த அணி அந்த சீசனின் பாதியைத் தாண்டியபோது பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்தது. பயிற்சியாளர் மார்கோ மட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே இத்தாலியர். அவரை அனுப்பிவிட வேண்டும் என்ற பேச்சு எழ நியாயம் இருந்தது. கிளப் அவரை வைத்துக்கொண்டது. கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று, 22 புள்ளிகளோடு மூன்றாவதாக முடித்து, கோப்பையையும் கொண்டுவந்தார்கள்.

நடுவழியில் கோச்சை மாற்றாததால் வந்த கோப்பை அது. அதன்பிறகு இந்தக் கிளப் கோச்சை மாற்றிய ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த டிசம்பர்தான் நினைவுக்கு வருகிறது.

ஆறு மாற்றங்கள், மூன்றரை ஆண்டுகள்

மட்டராஸி மூன்று சீசன் இருந்தார். 2016-ல் அணி ஏழாவதாக முடிந்தது. 2017 தொடக்கத்தில் விடைபெற்றார். அடுத்து, ஆஸ்டன் வில்லாவை 2000-ல் எஃப்.ஏ. கோப்பை இறுதி வரை கொண்டுசென்ற ஜான் கிரிகரி. 2019 நவம்பர் 30-ல் அவர் விலகியதும் ஓவன் கோய்ல் வந்தார். 2020-ல் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். சாபா லாஸ்லோ வந்தார். 2021-ல் போஜிதார் பாந்தோவிச். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் அவர் போனார். எஞ்சிய ஆட்டங்களுக்கு நம் ஊர் சையத் சபீர் பாஷா. அந்தக் கோடையில் தாமஸ் பிர்தாரிச். 2023 ஜூலையில் மறுபடியும் கோய்ல்.

கிரிகரி விலகியதிலிருந்து கோய்ல் திரும்பி வந்தது வரை எண்ணினால் ஆறு மாற்றங்கள். காலம், மூன்று ஆண்டுகளும் சில மாதங்களும்.

இதில் எளிதில் மறந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. கொரோனாவால் 2020-21, 2021-22 சீசன்களின் எல்லா ஆட்டங்களும் கோவாவில் நடந்தன. ஆகவே லாஸ்லோவும் பாந்தோவிச்சும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஒரே ஒரு ஐ.எஸ்.எல். ஆட்டத்துக்குக்கூட அணியை இறக்கவில்லை. மாம்பலத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி நடந்துபோகிற எங்களைப் போன்றவர்கள், நம் அணியின் இரண்டு கோச்சுகளைக் கண்ணால் பார்க்காமலே வழியனுப்பியிருக்கிறோம்.

இனி, ஐந்து சீசன்களின் புள்ளிகளைப் பாருங்கள். லாஸ்லோவின் சீசனில் 20 ஆட்டங்கள், 20 புள்ளிகள், எட்டாம் இடம். மூன்று வெற்றி, 11 டிரா, ஆறு தோல்வி. அடுத்தது பாந்தோவிச்சும் பாஷாவும் பகிர்ந்துகொண்ட சீசன்: ஐந்து வெற்றி, ஐந்து டிரா, பத்துத் தோல்வி. கூட்டினால் அதே 20 புள்ளிகள், அதே எட்டாம் இடம். பிர்தாரிச்சின் சீசனில் 27 புள்ளிகள். மூன்றாம் முறையாக எட்டாம் இடம். கோய்ல் திரும்பிய 2023-24ல் 22 ஆட்டங்களில் 27 புள்ளிகள். அதற்கடுத்த 2024-25ல் 24 ஆட்டங்களில் மறுபடி 27.

20, 20, 27, 27, 27. ஐந்து சீசன், ஐந்து கோச்சுகள். டிரா பிடிக்கும் அணி, அடித்து ஆடிக் கோல் வாங்கும் அணி என்று ஆட்டம் மாறி மாறி வந்தது. எண் மட்டும் ஒருமுறைக்கு மேல் அசையவில்லை. கடைசி மூன்று 27-களிலும் ஆட்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனதைக் கவனித்தால், நிஜத்தில் இது மெல்லிய சரிவு. 2024-25ல் அணி 13 அணிகளில் 11-வது இடத்தில் முடிந்தது.

முதல் முறை இந்த எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது எனக்குக் கோபமே வரவில்லை, வருத்தம்தான் வந்தது. ஒவ்வொரு புதுப் பெயர் வந்தபோதும் ‘இந்த வருஷம் பார்’ என்று வீட்டில் சொன்னவன் நான்.

விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் ஒருவர்

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. 2019-20 சீசன்.

அந்த ஆண்டின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் அணி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. பிறகு ஹைதராபாத்தைக் கடைசி நிமிடங்களில் 2-1 என்று வென்றது, ஒடிசாவோடு 2-2. ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி, நான்கு கோல். கிரிகரி விலகினார்.

கோய்ல் வந்தபின் 12 லீக் ஆட்டங்கள். 24 புள்ளிகள், 28 கோல்கள்! ஜனவரி முதல் வாரத்தில் ஒடிசாவிடம் தோற்றதுதான் கடைசித் தோல்வி. அங்கிருந்து எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி, இரண்டு டிரா. பிப்ரவரி 1 அன்று கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 என்று அடித்த இரவில், அண்டை மாநிலத்து நண்பர்களுக்கு நான் அனுப்பிய மெசேஜ்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. அரையிறுதியில் கோவாவை மொத்தம் 6-5 என்று தாண்டி இறுதிக்குப் போனார்கள். 2020 மார்ச் 14, கொரோனா பயத்தில் ஆளே இல்லாத ஃபட்டோர்டா. ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றார்கள். ஆனாலும் கோச்சை மாற்றினால் அணி மாறும் என்பதற்கு இந்திய லீக்கில் இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் அந்த 28 கோல்களை அடித்தவர்கள் யார்? 15 கோல்களோடு அந்த சீசனின் ‘கோல்டன் பூட்’ வாங்கிய லிதுவேனியக்காரர் நெரியஸ் வால்ஸ்கிஸ். அவருக்குப் பந்து பிரித்துக் கொடுத்த பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோ. மால்டாவின் ஆந்த்ரே ஷெம்ப்ரி. மிசோரமின் மின்னல் லாலியன்ஸுவாலா சாங்தே. நால்வரும் 2019 கோடையில், கிரிகரி கோச்சாக இருந்தபோது வந்தவர்கள். கோய்ல் அவர்களை விடுவித்தார், முன்னே தள்ளினார், பயத்தைப் போக்கினார். அது பெரிய வேலை, குறைத்துச் சொல்லமாட்டேன். சமைத்தது அவர்தான். அரிசியும் பருப்பும் வாங்கி வைத்தது முந்தையவரின் காலம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். சுனில் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்தில் கோல் அடித்த பிறகு, மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று 3-2ல் கிரிகரியின் அணி இரண்டாவது கோப்பையை வென்றது. மெய்ல்சனும் அகஸ்டோவும் மட்டராஸியின் 2015 அணியில் இருந்தவர்கள். அந்த சீசனில் அணிக்காக அதிகம் கோல் அடித்த ஜேஜே லால்பெக்லுவா, கிளப் தொடங்கிய 2014-லேயே வந்தவர். கிரிகரி கிழித்துப் போட்டுத் தொடங்கவில்லை. இருந்த முதுகெலும்பை வைத்துக்கொண்டு தடுப்பை இறுக்கினார்.

ஆக, இந்தக் கிளப்பில் கோச் மாறி நல்லது நடந்த இரண்டு முறையும், முந்தையவர் விட்டுச்சென்ற ஆட்டக்காரர்கள் கையில் இருந்தார்கள். 2020-லிருந்து நடந்தது வேறு. கோய்ல் ஜாம்ஷெட்பூர் போனபோது வால்ஸ்கிஸும் அவரோடு போனார். ஷெம்ப்ரி ஓய்வு பெற்றார். கிரிவெல்லாரோ காயத்தில் விழுந்தார். லாஸ்லோவின் அணி 20 ஆட்டங்களில் 17 கோல்தான் அடித்தது. அடுத்த கோச் அடுத்த வெளிநாட்டவர்களைக் கூட்டி வந்தார். அதற்கடுத்தவரும் அப்படியே. பானையை ஒவ்வோர் ஆண்டும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக அடுப்பு மூட்டினோம்.

ஒருவரையே வைத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. கோப்பை வென்ற அதே கிரிகரி, அடுத்த சீசனில் 18 ஆட்டங்களில் ஒன்பதே புள்ளி எடுத்துக் கடைசி இடத்தில் முடித்தார். கேப்டன் செரெனோ போய்விட்டார். வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் முழங்கால் காயத்தோடு சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். ஜேஜேயின் கால் கோலை மறந்தது. காரணங்கள் பல. கிளப் அப்போதும் அவரை வைத்துக்கொண்டது. அது துணிச்சலான முடிவு. சில மாதம் கழித்து அதுவும் கைகொடுக்காமல் போனது.

டச்சுக்காரர் போட்ட கணக்கு

கோச்சை மாற்றினால் பலன் உண்டா என்பதை நெதர்லாந்தின் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் கணக்காகவே போட்டுப் பார்த்தார். அந்த நாட்டின் முதல் டிவிஷனில் 1986 முதல் 2004 வரை நடந்த கோச் மாற்றங்களை எடுத்துக்கொண்டார். கோச் நீக்கப்படுவதற்கு முன்னால் அணி சரிகிறது; புதியவர் வந்ததும் ஏறுகிறது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் செய்த நுட்பமான வேலை வேறு. அதே அளவு சரிந்தும் கோச்சை மாற்றாத அணிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவையும் ஏறக்குறைய அதேபோல ஏறின. காய்ச்சல் மூன்றாம் நாள் தானாக இறங்கும்போது கடைசியாக மருந்து கொடுத்தவருக்குப் பெயர் போய்ச் சேருவது மாதிரிதான்.

இது சராசரி. தாமஸ் டூகல் 2021 ஜனவரியில் செல்சீக்கு வந்து அதே மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்றது போன்ற கதைகள் அந்தச் சராசரிக்குள் புதைந்திருக்கின்றன. லெஸ்டரை 2016-ல் சாம்பியனாக்கிய ரானியேரியை ஒன்பது மாதத்தில் அனுப்பியதும் அதற்குள்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் கிளப்புகள் கோச்சை நீக்குவதற்கு முக்கியக் காரணம், கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும் பயம். இறங்கினால் பணம் போய்விடும். நம் ஐ.எஸ்.எல்.லில் 2024-25 வரை அந்தப் பயம் இருந்ததில்லை. கடைசி இடத்தில் முடித்த சென்னையின் அணி அடுத்த ஆண்டு அதே லீக்கில்தான் ஆடியது. அவசரப்பட வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்திலும் நாம் அவசரப்பட்டோம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தாப்பா கண்ட ஏழு பேர்

கோச் மாற்றத்தின் விலையைப் புள்ளிப் பட்டியலில் தேடுவதைவிட ஆட்டக்காரர்களிடம் தேடுவது சரியாக இருக்கும்.

டேராடூன் பையன் அனிருத் தாப்பா 2016-ல் 18 வயதில் சென்னைக்கு வந்தார். 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். அதற்குள் மட்டராஸி, கிரிகரி, கோய்ல், லாஸ்லோ, பாந்தோவிச், பாஷா, பிர்தாரிச் என்று ஏழு பேரின் கீழ் இருந்துவிட்டார். 18 முதல் 25 வரையிலான வயது ஒரு மிட்ஃபீல்டர் தன் ஆட்டத்தைக் கண்டெடுக்கும் வயது. எங்கே நிற்பது, எப்போது ஓடுவது, எந்தப் பந்தை விடுவது என்று ஒருவர் சொல்லி, அது காலில் ஊறுவதற்குள் அடுத்தவர் வந்து வேறு சொல்வார். ஒருவருக்கு அவர் பின்னால் நின்று தடுக்க வேண்டும். இன்னொருவருக்கு முன்னேறிக் கோல் தேட வேண்டும். அவ்வளவையும் தாங்கி அவர் கேப்டனாகவும் உயர்ந்தது அவருடைய திறமை, பொறுமை. கிளப் அதற்குப் பெருமை கொண்டாட முடியாது.

சாங்தேயின் கதை இன்னும் வலிக்கும். கோய்லின் கீழ் ஏழு கோல் அடித்தவர், பிறகு ஒன்றரை சீசன் மங்கினார். 2022 ஜனவரியில் மும்பை சிட்டிக்குப் போனார். 2022-23ல் அங்கே பத்துக் கோல். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் கூடவே. சென்னையில் இருந்த அதே கால்கள்தான் அவை. மும்பையில் டெஸ் பக்கிங்ஹாம் என்ற ஒரே கோச் அந்தக் காலம் முழுக்க இருந்தார்.

இந்திய அணியின் பொற்காலம் என்று சொல்கிறோமே, அது சையத் அப்துல் ரஹீம் என்ற ஹைதராபாத் ஆசிரியர் 1950-லிருந்து 1963-ல் இறக்கும்வரை பயிற்சியாளராக இருந்த காலம். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்கள், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் எல்லாம் அவருடையவை. அதே இந்திய அணியில், 2024 ஜூன் முதல் 2025 ஆகஸ்ட் வரை மட்டும் கோச் ஸ்டிமாச் போய், மனோலோ மார்க்கெஸ் வந்து போய், காலித் ஜமீல் வந்திருக்கிறார்.

சேப்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது

இந்த ஊருக்குப் பொறுமை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நேரு ஸ்டேடியத்திலிருந்து சேப்பாக்கம் எட்டும் தூரம்தான். அங்கே ஸ்டீஃபன் ஃபிளெமிங் 2009 முதல் சூப்பர் கிங்ஸின் கோச். 2020-ல் எட்டு அணிகளில் ஏழாவது, அவரையே வைத்தார்கள், 2021-ல் சாம்பியன். 2022-ல் பத்தில் ஒன்பதாவது; வைத்தார்கள்; 2023-ல் சாம்பியன். கிரிக்கெட்டில் மைதானத்துக்குள் கேப்டன் முடிவெடுப்பார், கோச்சின் பங்கு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வெற்றிகளின் மையத்தில் இருந்த தோனி, அபிஷேக் பச்சன், வீட்டா தானியோடு சேர்ந்து சென்னையின் எஃப்.சி.க்கும் உரிமையாளர். ஒரு வீட்டில் தெரிந்த வித்தை அடுத்த வீட்டுக்கு ஏன் வரவில்லை?

என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைமை கோச் மாறுவதைத் தடுக்க முடியாது. நல்லவரை வேறு கிளப் இழுக்கும். கோய்லை ஜாம்ஷெட்பூர் இழுத்தது. அவருக்குக் கீழே இருக்கும் தளம் மாறக்கூடாது. இளைஞர் அணியைப் பார்ப்பவர், உதவி கோச், பிசியோ, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பவர் என்று ஊர்க்காரர்களால் ஆன ஒரு நிரந்தரத் தளம் வேண்டும். புதிதாக வருபவரிடம் ‘இந்தப் பையனுக்கு இடது காலில் பந்து கொடு, அவனைத் திட்டினால் சுருங்கிவிடுவான்’ என்று சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்தார். இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடிய சபீர் பாஷா, கிரிகரி கோப்பை வென்றபோது பக்கத்தில் நின்றவர். அணி உடைந்துபோன பிறகு, 2022 பிப்ரவரியில், காலி ஸ்டேடியங்களில் சில ஆட்டங்களுக்கு மட்டும் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. சீசன் முடிந்ததும் மறுபடி வெளிநாட்டவரைத் தேடினார்கள். பாஷா பிறகு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தொழில்நுட்ப இயக்குநர் ஆனார். நாட்டுக்கே வழி சொல்லத் தகுந்தவருக்கு நம் ஊர் அணியில் ஒரு முழு சீசன் கொடுத்துப் பார்த்திருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்கு இன்றும் இருக்கிறது.

2025-ல் கோய்லும் இரண்டாம் முறையாக விடைபெற்றார். லீக்கை நடத்தும் ஒப்பந்தம் இழுபறியில் நின்றதால் அந்த ஆகஸ்டில் கிளப் தன் செயல்பாடுகளையே சில காலம் நிறுத்திவைத்தது. பிறகு கிளிஃபோர்டு மிராண்டா வந்தார். கோவாக்காரர், முன்னாள் இந்திய மிட்ஃபீல்டர். சென்னையின் எஃப்.சி. முழுநேரத் தலைமைப் பொறுப்பைக் கொடுத்த முதல் இந்தியர். வேடிக்கை பாருங்கள், அவர் பெயர் பரவியதே ஒரு கோச் மாற்றத்தால்தான். 2023-ல் ஒடிசா எஃப்.சி. தன் கோச் கோம்பாவை அனுப்பியபோது இடைக்காலமாக வந்து, ஏப்ரல் 25 அன்று கோழிக்கோட்டில் பெங்களூருவை 2-1 என்று வென்று சூப்பர் கோப்பையைத் தூக்கியவர். வந்ததும் ஆடிய சூப்பர் கோப்பையில் சென்னையின் அணி ஓர் ஆட்டத்தையும் வெல்லவில்லை. ஆகஸ்டில் மூடிக்கிடந்த அணியை அக்டோபரில் களத்தில் இறக்கியவரிடம் அதற்குக் கணக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு இரண்டு முழு சீசன் கிடைக்க வேண்டும். முதல் சீசன் மோசமாகப் போனாலும் கிடைக்க வேண்டும்.

அக்கா மகன் இப்போது கல்லூரி வாசலில் நிற்கிறான். மெண்டோசாவுக்குப் பிறகு அவன் முதுகில் ஜேஜே வந்தார், பிறகு கிரிவெல்லாரோ, பிறகு தாப்பா. தாப்பா போன பிறகு அவன் பெயர் எழுதிய ஜெர்ஸி எதையும் வாங்கவில்லை. அடையாற்றில் ஒரு பள்ளி மைதானத்தில் ஒன்பது வயதிலிருந்து ஒரே மாஸ்டரிடம் ஆடுகிறான். ஏழாவது படிக்கும்போது இவனுக்கு எந்தக் கணுக்கால் பிசகியது என்று அவருக்குத் தெரியும். மழை நாளில் அந்தக் காலில் பட்டை சுற்றாமல் இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுவார். போன வாரம் பாண்டி பஜாரில் புது நீல ஜெர்ஸி எடுத்தோம். பின்னால் என்ன பெயர் போடட்டும் என்று கடைக்காரர் கேட்டார். கொஞ்சம் யோசித்து, “நம்பர் மட்டும் போதும்ணா” என்றான்.